பதில் வராத பெயர்

1

பங்குனி கடைசியில் ஒஸ்லோவின் தெருக்களில் பனி கரைந்து, வழுக்காமல் இருக்கக் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய பொடிக் கற்கள் மட்டும் மிஞ்சிக் கிடக்கும். சப்பாத்துக்கடியில் அவை நறுநறுவென்று அரைபடுகிற சத்தம்தான் எனக்கு இங்கே வசந்தம். பூக்கள் எல்லாம் பிறகு, ஆறுதலாக, அனுமதி கேட்டுக்கொண்டு வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அம்மருட் நிலையத்திலிருந்து எங்கள் அடுக்குமாடிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மகள் ஆரபி.

"அம்மா, நான் ஸ்தூர்திங்கில கதைக்கப் போறன்."

ஸ்தூர்திங் என்பது நோர்வேயின் பாராளுமன்றம். நான் ஏற்றத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். நாயோடு பின்னால் வந்தவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

"எலெக்சன் கேக்கப் போறியோ?"

"ஐயோ, இல்லையம்மா. ஹோரிங். ஒரு சட்டம் மாத்திறதுக்கு முதல் அவையள் ஆக்களைக் கூப்பிட்டுக் கேப்பினம். எங்கட அமைப்பில இருந்து நான் போறன். மூண்டு நிமிசம்."

"மூண்டு நிமிசத்தில என்னத்தைக் கதைக்கிறது? வணக்கம் சொல்லவே ரெண்டு நிமிசம் போயிடுமே."

"அது உங்களுக்கு," என்று சிரித்தாள்.

ஆரபி சட்டம் படித்தவள். வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன அமைப்பில் வேலை செய்கிறாள். இந்த நாட்டில் நீதிபதியாக விரும்புகிறவர்களை ஒரு குழு பார்த்து, கேட்டு, வரிசைப்படுத்திக் கொடுக்கும், அரசாங்கம் நியமிக்கும். பாராளுமன்றத்துக்கு அதில் வேலை இல்லை. இப்போது சில உறுப்பினர்கள் ஒரு முன்மொழிவு கொண்டுவந்திருக்கிறார்களாம். நாட்டின் தலைமை நீதிபதியும், அரச தரப்பில் வழக்குத் தொடுப்பவர்களின் தலைவரும், பதவி ஏற்குமுன் பாராளுமன்றத்தின் முன்னால் வந்து, எல்லோரும் பார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, வாக்கெடுப்பில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று. அது நல்லதா, கேடா என்பதற்குத்தான் இந்த ஹோரிங்.

அடுத்த நாள் நான் வேலை செய்யும் பாலர் பராமரிப்பு நிலையத்தில் பெருமை தாங்காமல் சக ஊழியர் லிவ்விடம் சொன்னேன். தமிழில் 'விசாரணை' என்று யோசித்து, அதை நோர்வேஜிய மொழியில் தூக்கிப் போட்டுவிட்டேன். "என் மகளைப் பாராளுமன்றத்தில் விசாரிக்கப் போகிறார்கள்" என்று அது வெளியே வந்திருக்கிறது. லிவ் கையிலிருந்த குழந்தையின் சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தாள். "அவள் என்ன செய்தாள்?" என்று மெல்லக் கேட்டாள்.

முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது இந்த மொழிக்குள் வந்து. இன்னமும் இப்படித்தான், மகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

2

ஞாயிற்றுக்கிழமை ஆரபி வந்தாள். நகர நடுவில் தனியாக இருக்கிறாள்; வந்தால் நின்றுகொண்டே சாப்பிடுவாள், நின்றுகொண்டே போவாள். அன்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதே எனக்குத் தெரியும், ஏதோ கேட்கப்போகிறாள் என்று.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கவிதா, வாங்கிப்போன இடியப்பத் தட்டைத் திருப்பித் தர வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எங்கள் 'கதைக்கிறது' அவளுக்கு வேடிக்கை, அவளுடைய 'பேசிட்டு இருந்தேன்' எங்களுக்கு வேடிக்கை. விசயத்தைக் கேட்டதும் வாசலிலேயே நின்று சொன்னாள்:

"எங்க ஊர்ல ஜட்ஜுங்களே ஜட்ஜை செலக்ட் பண்ணுவாங்க அக்கா. அப்புறம் கவர்மென்ட் அந்த ஃபைல் மேல உக்காந்துக்கும். உக்காந்தா எந்திரிக்கவே எந்திரிக்காது. பேரு போனது போனதுதான்."

"அதுதான்!" என்று ஆரபி கையைத் தட்டினாள். "பேர் போறது. பதில் வராதது. அதைத்தான் நான் கதைக்கப் போறன்."

கவிதா போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, மாமாவின்ர கதையை நான் சொல்லலாமோ? உங்கட நாட்டுக் கோட்டில நடந்தது."

'உங்கட நாடு' என்ற சொல் மேசையில் விழுந்து கொஞ்சம் உருண்டது. கொஞ்சம் முன்னால் ஸ்தூர்திங்கைச் சொல்லும்போது 'எங்கட பார்லிமென்ட்' என்றிருந்தாள். பிள்ளைகள் நம்மை விட்டுப் போவது பெட்டி படுக்கையோடு என்று நினைத்துக்கொண்டிருப்போம். இப்படி ஒரு சின்னச் சொல்லில்தான் போகிறார்கள். போய், அங்கே நின்று, நம்மைப் பார்த்துக் கையும் காட்டுகிறார்கள்.

வரவேற்பறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த இவர், ஆரபியின் அப்பா, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

மாமா என்று அவள் சொன்னது என் அண்ணை. அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அண்ணைக்கு இருபது வயது கடந்த புதிதில் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்து, இயக்கக்காரன் என்ற சந்தேகத்தில் பொலிசார் பிடித்தார்கள். வெளிநாடு போகக் காத்திருந்தவர். நெடுங்காலம் உள்ளே இருந்தார். வழக்கு வந்தபோது அரச தரப்பின் கையில் இருந்தது ஒரேயொரு ஒப்புதல் வாக்குமூலம். சிங்களத்தில் தட்டச்சு செய்தது. கீழே கையெழுத்து அண்ணையுடையது. வைத்த கை அப்போது எந்த நிலையில் இருந்தது என்று வீட்டில் ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

நீதிபதி சிங்களவர், வயதானவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம்: "இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று உமக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது ஐயா."

பிறகு அரச சட்டத்தரணியின் பக்கம் திரும்பினாராம். "அப்படியானால், இது யாருடைய வாக்குமூலம்?"

அந்தக் கேள்வியில் வழக்கு உடைந்தது. அண்ணை வெளியே வந்தார். வந்தவர் நோர்வேக்கு வந்து, வடக்கே ஹம்மர்பெஸ்டின் குளிரில் மீன் வெட்டினார், பிறகு துரொண்ட்ஹெய்மில் பஸ் ஓட்டினார், பிள்ளைகளைப் படிப்பித்தார், ஓய்வும் பெற்றுவிட்டார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோர்வே வந்து சில வருசங்கள் கழித்து, பழைய வழக்கறிஞருக்கு நன்றி சொல்லத் தொலைபேசி எடுத்தார் அண்ணை. அவர் சொன்னார்: "ஐயாவின்ர பேர் மேல்கோட்டு நீதிபதிப் பதவிக்கு மேலே போனது, தம்பி. வந்திடும் எண்டுதான் எல்லாரும் இருந்தனாங்கள். ஒரு பதிலும் வரேல்லை. பிறகு வேற ஒருத்தர் அந்தப் பதவிக்குச் சத்தியம் எடுத்தார். உங்களைப் போல ஆக்களை வெளியில விட்டவரெல்லோ." அந்த நீதிபதி இருந்த கதிரையிலேயே இருந்து ஓய்வு பெற்று, பிறகு காலமாகியும் போனார்.

'மேலே' என்றால் எங்கே, யார், எந்த அறை? அந்த நாட்களில் எங்களுக்கு அது வானம் மாதிரி. மழை வந்தால் வந்தது. பின்னாளில் பெயர்களைப் பார்த்து ஒப்புதல் சொல்லப் பாராளுமன்றத்தோடு சேர்த்து ஒரு பேரவை அமைத்தார்கள், கலைத்தார்கள், திரும்ப அமைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அண்ணை எனக்குத் தொலைபேசி எடுப்பார். "இனிமேலாவது காரணம் சொல்லுவினமோ, பிள்ளை?" என்று கேட்பார். எனக்கென்ன தெரியும்? நான் குழந்தைகளின் மூக்குத் துடைக்கிறவள்.

3

"அந்தப் பெரியவரைப் பாலிமென்டில கொண்டுபோய் வைச்சுக் கதைக்கிறதோ?" என்றார் அண்ணை தொலைபேசியில்.

"பேர் சொல்ல மாட்டாளாம். உங்கட பேரும் சொல்ல மாட்டாளாம்."

"அவள் சின்னப் பிள்ளையெல்லோ."

"முப்பது வயசு, அண்ணை."

"அதுதான் சொல்லுறன்." அந்தப் பக்கம் அலுமாரி திறபடும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் வாறன். போனில கதைக்கிற கதையில்லை இது."

ரயிலில் ஒரு பகல் முழுக்கப் பயணம். அண்ணை கோட்டும் டையுமாக வந்து இறங்கினார். பஸ் ஓட்டியவர்களுக்கு வேறொருவர் ஓட்டும் வண்டியில் நித்திரை வராது என்று சொல்லிக்கொண்டு கண்ணைக் கசக்கினார். ஆரபி வேலை முடிந்து வந்ததும் இருவரையும் மேசையில் இருத்திவிட்டு நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

அவள் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. பெயர் அனுப்பப்பட்டால், குறித்த காலத்துக்குள் பதில் வர வேண்டும். வேண்டாம் என்றால் காரணத்தை எழுத வேண்டும். அந்தக் காரணத்தை அந்த ஆளும் வாசிக்க வேண்டும், ஊரும் வாசிக்க வேண்டும். இதெல்லாம் இல்லாமல் ஒப்புதல் அதிகாரத்தைக் கையில் எடுக்கக்கூடாது. அண்ணை ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். கதையின் இடத்துக்கு வந்ததும் ஆரபி நிறுத்தினாள்.

"மாமா, இதில முதல் நான் எப்பிடி எழுதினனான் எண்டா, 'என் மாமாவை விடுதலை செய்ததால் ஒரு நீதிபதி தன் பதவி உயர்வை இழந்தார்.' எங்கட லீடருக்கு இந்த வசனம் நல்லாப் பிடிச்சிது. ஆனா நேற்று நான் அதை வெட்டிப்போட்டன்."

"ஏன் வெட்டினனீ? அதுதானே விசயம்."

"அல்ட்சோ, மாமா, அது உண்மை எண்டு எப்பிடித் தெரியும்?" வாதம் என்று வந்தால் அவளுக்கு 'அதாவது' என்பதும் நோர்வேஜிய மொழியில்தான் வரும்.

"வக்கீல் சொன்னவர்."

"வக்கீலுக்கு ஆர் சொன்னது?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் சீனிப் போத்தலைப் பார்த்தேன்.

"எல்லாருக்கும் தெரியும், பிள்ளை."

"எல்லாருக்கும் எண்டா ஆருக்கும் தெரியாது எண்டு அர்த்தம். அவருக்கு வயசு போயிருக்கலாம். வேற ஆரும் அவரை விடக் கெட்டிக்காரராய் இருந்திருக்கலாம். அவரே வேண்டாம் எண்டிருக்கலாம். மாமா சொல்லுற மாதிரியும் இருக்கலாம். தெரியாது. இக்கே சான்ட்? சரிதானே?"

"எடி, நீ என்ன மாமாவை விசாரணை நடத்துறியோ?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"விடு, தங்கச்சி." அண்ணை கையை உயர்த்தினார். சத்தமில்லாமல்தான் சொன்னார்: "இவ்வளவு காலமும் நான் ஒரு காரணத்தோட வாழ்ந்தனான், ஆரபி. என்னால ஒரு நல்ல மனிசனுக்கு வரவேண்டினது வராமப் போச்சு எண்டு. அது பாரம்தான். ஆனா அது என்ரை. அதையும் நீ பறிக்கிறாய்."

ஆரபியின் முகம் சட்டென்று சிறுபிள்ளை முகமாகிவிட்டது. பேனையை மூடினாள், திறந்தாள்.

"பறிக்கேல்லை, மாமா. எனக்குத் தெரியாததை எப்பிடி அங்கை சொல்லுறது?"

"நீ அந்த வசனத்தைச் சொல்லு. என்னாலதான் எண்டு சொல்லு. அந்த ஐயா ஆருக்காக இழந்தவர் எண்டு ஒரு பாலிமென்டாவது கேக்கட்டும். இந்த நாட்டுப் பாலிமென்ட் எண்டாலும் பரவாயில்லை. அவருக்கு நான் செய்யக்கூடின மரியாதை அது ஒண்டுதான். சொல்ல ஏலாதெண்டா என்ர கதையே வேண்டாம், விட்டுவிடு."

இவர் உள்ளே போய்ப் படுக்கை விரித்தார். ஆரபி போகும்போது மாமாவின் தோளில் நாடியை வைத்துவிட்டுப் போனாள். அவர் அவள் தலையில் தட்டினார். கோபமில்லை, இரண்டு பேரிடமும். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கோபமென்றால் ஆறும்.

4

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் முருகன் கோயில் இருக்கிறது. அம்மருட்டுக்கு வந்தால் அண்ணை அங்கே போகாமல் திரும்ப மாட்டார். ஹோரிங் அன்று காலையும் குளித்துவிட்டு நின்றார். நானும் கூடப் போனேன்.

சப்பாத்தைக் கழற்றி வைத்து உள்ளே போனோம். அர்ச்சனைக்குத் தட்டைக் கொடுத்ததும் ஐயர் பெயரைக் கேட்டார். அண்ணை ஒரு சிங்களப் பெயரைச் சொன்னார், நீளமானது. ஐயர் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"நட்சத்திரம்?"

"அது தெரியாது, ஐயா. என்ரையைச் சொல்லுங்கோ. பூரட்டாதி."

ஐயர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல், அந்தப் பெயரையும் என் அண்ணையின் நட்சத்திரத்தையும் சேர்த்து மந்திரத்துக்குள் கொண்டுபோனார். புத்தர் கோயிலுக்குப் போயிருக்கக்கூடிய ஒரு மனிதருக்கு, வடதுருவத்துக்குக் கிட்டவாக, ஒரு முருகனின் முன்னால், கடன் வாங்கிய நட்சத்திரத்தில் அர்ச்சனை நடந்தது. நான் கண்ணை மூடவில்லை. மூடினால் வழிந்திருக்கும்.

"எவ்வளவு காலமாய்ச் செய்யிறியள், அண்ணை?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"அவர் செத்துப்போன பிறகும் விடேல்லை. நட்சத்திரம் என்ரைதானே, அது இன்னும் இருக்குத்தானே."

கொஞ்சத் தூரம் நடந்தோம். காலுக்கடியில் கற்கள் அரைபட்டன.

"அண்ணை, அவள் சொல்லுறது பிழையோ?"

"பிழையில்லை." குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினார், அது அவிழ்ந்திருக்கவில்லை. "அதுதான் பிரச்சினை."

நகர நடுவுக்குப் போகும் ரயிலில் ஏறிய பிறகு என் கைப்பேசியை வாங்கி ஆரபியை அழைத்தார். முன்னால் இருந்த இரண்டு பள்ளிக்கூடப் பெட்டைகள் திரும்பிப் பார்க்குமளவுக்கு உரத்துச் சொன்னார். துரொண்ட்ஹெய்மிலிருந்து பேசுவதாகவே நினைத்துக்கொண்டார் போல.

"பிள்ளை, உனக்குத் தெரிஞ்சதை நீ சொல்லு. எனக்குத் தெரிஞ்சதை நான் வைச்சிருக்கிறன். ஓம். ஓம். அழாதை, மை கரையப் போகுது."

5

பாராளுமன்றத்துக்குள் போவதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும், பையை இயந்திரத்துக்குள் விட வேண்டும், இடுப்புப் பட்டியைக் கழற்ற வேண்டும். காவலுக்கு நின்ற பெண் பட்டியைத் திருப்பிக் கொடுத்து "நல்லபடியாகப் பாருங்கள்" என்றபோது, அண்ணை ஏதோ பரிசு கிடைத்த மாதிரி தலை குனிந்து வாங்கினார். சீருடை போட்ட ஒருவர் கொடுக்கும் எதையும் அவர் அப்படித்தான் வாங்குவார். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

ஹோரிங் நடந்தது ஒரு சாதாரண அறை. நீள மேசை, தண்ணீர்ப் போத்தல்கள், பார்வையாளருக்கு ஓரமாகக் கதிரைகள். ஆரபி கறுப்புச் சட்டையோடு முன்வரிசையில் இருந்தாள். திரும்பி எங்களைப் பார்த்து விரலை மட்டும் அசைத்தாள்.

பக்கக் கதவு திறந்து குழு உறுப்பினர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் கையில் அப்பிள், ஒருவர் காதில் கைப்பேசி. தலைவி, கம்பளி பின்னிய மேல்சட்டை போட்ட பெண், ஒரு கோப்பிக் குவளையோடு கடைசியாக வந்தார்.

அண்ணை எழுந்து நின்றார்.

கோட்டை இழுத்து விட்டு, கைகளை முன்னால் கட்டி, தலையைச் சற்றே தாழ்த்தி நின்றார். எங்கள் ஊர்க் கோட்டில் நீதிபதி வரும்போது எல்லோரும் நிற்கிற நிற்பு. அறையில் வேறு ஒருவரும் எழவில்லை. நான் அவர் கோட்டு நுனியை இழுத்தேன். அவர் அசையவில்லை. ஆரபி திரும்பிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

தலைவி கண்டுவிட்டார். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டார்.

"இல்லை, நன்றி," என்றார் அண்ணை, பஸ்ஸில் பழகிய தெளிவான துரொண்ட்ஹெய்ம் மொழியில். "நான் சும்மா நிற்கிறேன்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. குவளையைக் கீழே வைத்தார், கதிரையை இழுத்தார், நேராக உட்கார்ந்தார். "நான் இருந்துவிட்டேன். இனி நீங்களும் இருக்கலாம்," என்றார். அண்ணை இருந்தார்.

ஆரபியின் முறை வந்தது. அவள் நோர்வேஜிய மொழியில் சொன்னதை எனக்குப் பிடிபட்ட மட்டில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலக்கெடு, காரணம், வெளிப்படை என்று எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னாள். பிறகு குரல் இறங்கியது. "என் மாமா இளைஞனாக இருந்தபோது ஒரு நீதிபதி அவரை விடுதலை செய்தார். பிறகு அந்த நீதிபதியின் பெயர் உயர்ந்த பதவி ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. பதில் வரவில்லை. தன்னால்தான் என்று என் மாமா நம்புகிறார். நான் சட்டம் படித்தவள்; ஆகவே எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. காரணம் எழுதப்படாதபோது அது காற்றில் போய்விடுவதில்லை. அதைச் சுமக்க யாராவது ஒருவர் கிடைக்கிறார். பெரும்பாலும் அந்தக் கதையிலேயே மிகச் சிறிய மனிதர். நீங்கள் இந்த அதிகாரத்தை எடுப்பதானால், உங்கள் மௌனத்தை யார் தலையில் வைக்கப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்."

மூன்று நிமிடத்துக்குச் சற்று முன்னமே முடித்துவிட்டாள். வணக்கம் சொல்லவில்லை.

நாட்டின் வடக்கிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர், வெளுத்த தலைமயிர்க்காரர், கையைத் தூக்கினார். "ஒரு கேள்வி. காரணம் எழுதப்பட்டிருந்தால், அதில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று உங்கள் மாமா விரும்புவார்?"

ஆரபியை நான் அறிவேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். பல் முளைக்க முதலே பதில் சொன்னவள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "நான் அவரிடம் அதைக் கேட்டதில்லை."

பார்வையாளர் பேச அனுமதி இல்லை. தலைவி நேரத்தைப் பார்த்தார். "எழுத்தில் அனுப்பலாம், இன்று பின்னேரம்வரை," என்றார். அடுத்த அமைப்பைக் கூப்பிட்டார்கள்.

6

வெளியே வந்தால் வெயில். கட்டிடத்துக்கு முன்னால், கல்லில் செய்த சிங்கங்களுக்குப் பக்கத்தில், இந்த ஊர்ச் சனம் கோட்டைத் திறந்து விட்டு முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. குளிர்காலம் முடிந்து வருகிற முதல் வெயிலுக்கு இவர்கள் எல்லோரும் இப்படி நிற்பார்கள், கண்ணை மூடி. நாங்கள் மூவரும் ஒரு படியில் இருந்தோம், அண்ணை நடுவில்.

"நல்லாச் சொன்னனீ," என்றார்.

"உண்மையாவோ, மாமா?"

"மிகச் சிறிய மனிதர் எண்டு என்னைச் சொன்னதுதான் கொஞ்சம் சரியில்லை. நான் அஞ்சடி ஒன்பது."

ஆரபி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மை கரைந்துதான் இருந்தது. பிறகு மடிக்கணினியைத் திறந்து முழங்காலில் வைத்தாள்.

"சரி, மாமா. அந்தாள் கேட்டது. என்ன எழுதியிருக்க வேணும்?"

அண்ணை வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டிராம் வளைவில் கிறீச்சிட்டுப் போனது. அவர் யோசிப்பதாக நான் நினைத்தேன். அவர் யோசிக்கவில்லை, எல்லாம் தயாராகவே இருந்திருக்கிறது, இத்தனை காலமும். கேட்க ஒரு ஆள்தான் இருக்கவில்லை.

"முதல் அவர் செய்ததை எழுதட்டும். தனக்கு முன்னால நிண்ட ஒரு பொடியனிட்டை, இது உமக்கு வாசிக்கத் தெரியுமோ எண்டு கேட்டவர். தெரியாதெண்டு அவன் சொன்னதை நம்பினவர். அப்ப இது ஆற்றை வாக்குமூலம் எண்டு அரசாங்கத்தைக் கேட்டவர். இதை வடிவா, எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதட்டும்."

"பிறகு?"

"பிறகு அதுக்குக் கீழ, ஆகவே இவர் எங்களுக்கு வேண்டாம் எண்டு எழுதட்டும். எழுத ஏலுமெண்டா எழுதட்டும்."

ஆரபி தட்டத் தொடங்கினாள். இடையில் 'வடிவா' என்பதை எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. தெளிவாக, அழகாக, மறைக்காமல், மூன்றும் சேர்த்து ஒரு சொல் அந்த மொழியில் இல்லை. மூன்றையும் போட்டாள்.

முடித்ததும் வாசித்துக் காட்டினாள். அண்ணை கையைக் காதில் குவித்துக் கேட்டார்.

"இன்னொருக்கா வாசி."

வாசித்தாள்.

"மாமா," என்றாள், தயங்கி. "உங்களாலதான் எண்டது இதில இல்லை. நீங்களும் சொல்லேல்லை, நானும் போடேல்லை. ஒரு வசனம் சேக்கட்டோ? 'என்று அவர் நம்புகிறார்' எண்டு?"

அண்ணை திரையைப் பார்த்தார். எழுத்துக்கள் வெயிலில் மங்கித் தெரிந்திருக்க வேண்டும். கையால் மறைத்து நிழல் செய்து, ஒவ்வொரு வரியாக, பஸ்ஸின் நேர அட்டவணை பார்ப்பது போல வாசித்தார். கடைசி வரியில் கொஞ்சம் நின்றார்.

"அவரைப் பற்றி எழுதியிருக்கு," என்றார். "காணும், இதே போதும். நான் இதில இல்லாட்டிலும் பரவாயில்லை."

பிறகு, அவள் இன்னமும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, பொய்க் கோபத்தோடு சொன்னார்:

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய், பின்னேரம் ஆகப் போகுது. அனுப்பு, பிள்ளை."